சின்னஞ்சிறு குளவியும் நம் கடமையும்

"கொட்டிக் கொட்டிப் புழுவும் குளவியாகும்" என்பது நம் இல்லங்களில் வழங்கிவரும் பழமொழி. வாய்பாடு மனத்தில் நிற்காமல் சோர்ந்துபோகும் சிறுமிக்கும், தையல் வகுப்பில் நூல் அறுந்து அறுந்து அழுகிற மாணவிக்கும் பெரியோர் சொல்லும் ஆறுதல் மொழி இது. விடாமுயற்சி வெற்றி தரும் என்பது இதன் கருத்து. அக்கருத்தில் நமக்கு மறுப்பு ஏதுமில்லை.

ஆனால் உண்மையில் புழு குளவியாகிறதா? சுவரில் மண் கூடு கட்டும் குளவி ஒரு பச்சைப் புழுவைக் கொட்டி மயக்குகிறது. கூட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறது. தன் முட்டையையும் அங்கே இட்டு வாயிலை மண்ணால் அடைக்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் குளவிக்குஞ்சு அப்புழுவைத் தின்று வளர்கிறது. சில நாள் கழித்துக் கூட்டைத் துளைத்துக்கொண்டு குளவி வருகிறது. புழு உள்ளே போனதையும் குளவி வெளியே வந்ததையும் பார்த்தவர்கள், புழுவே குளவியாயிற்று என்று எண்ணிவிட்டார்கள். இடையில் நடந்ததை எவரும் பார்க்கவில்லை.

இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. சீன நாட்டிலும் இதே எண்ணம் நெடுங்காலம் நிலவியது. குளவி, புழுவைத் தத்தெடுத்துத் தன் பிள்ளையாக்கிக் கொள்கிறது என்று அங்கே நம்பினர். கி.பி. 456 முதல் 536 வரை வாழ்ந்த தாவோ ஹாங்ஜிங் என்ற மருத்துவ அறிஞர் அக்கூட்டைக் கூர்ந்து நோக்கினார். குளவி தானே முட்டையிடுகிறது, பிடித்துவரும் பூச்சிகள் குஞ்சுகளுக்கு உணவு என்று எழுதிவைத்தார். ஊரார் சொன்னதை அவரும் திருப்பிச் சொல்லியிருந்தால் அவர் பெயர் இன்று நமக்குத் தெரிந்திராது.

பழமொழியின் கருத்தைப் போற்றுவோம். அத்தோடு கூட்டைத் திறந்து பார்க்கவும் கற்றுக்கொள்வோம். இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது இதுவே. இந்தப் பார்வை நம்மிடம் இல்லாததால் நம் நாட்டு உழவர் இழப்பது சிறிதன்று. அதற்குச் சான்றாக, மண் கூடு கட்டும் குளவியின் மிகச் சிறிய உறவினரான ஒட்டுண்ணிக் குளவிகளின் கதையைக் காண்போம்.

கடுகிலும் சிறிய உயிர்

பேன், உண்ணி போன்ற ஒட்டுண்ணிகளை நாம் அறிவோம். அவை தாம் ஒட்டி வாழும் உயிரைப் பொதுவாகக் கொல்வதில்லை. ஒட்டுண்ணிக் குளவியின் வழி வேறு. தாய்க்குளவி மெல்லிய ஊசி போன்ற உறுப்பால் மற்றொரு பூச்சியின் முட்டையிலோ, புழுவிலோ, கூட்டுப்புழுவிலோ தன் முட்டையைச் செலுத்துகிறது. குஞ்சு அதனை உள்ளிருந்தே உண்டு வளர்ந்து, இறுதியில் அதைக் கொன்றுவிட்டு வெளியேறுகிறது. வளர்ந்த குளவியோ பெரும்பாலும் பூந்தேனைப் பருகி வாழும் சாதுவான உயிர். இவற்றில் மிகப் பெரும்பாலானவை மனிதரைக் கொட்டுவதில்லை.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். இக்குளவிகளில் பலவற்றுக்குக் கடுகே ஒரு மலை. டிரைக்கோகிரம்மா என்ற குளவி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளமே உடையது. தேவதைக் குளவிகள் என்று செல்லப்பெயர் பெற்ற குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலிருந்து எட்வர்ட் மாக்ஃபோர்டு என்பவர் 1997இல் விவரித்தார். அதன் ஆண் 0.139 மில்லிமீட்டரே. அதற்குக் கண்ணும் இல்லை, சிறகும் இல்லை. பாடப்புத்தகத்தில் நாம் படம் வரையும் பரமீசியம் என்ற ஒரே செல் உயிரைவிடவும் அது சிறியது! ஆயினும் அதற்குக் கால்கள் உண்டு, உணர்கொம்பும் உண்டு. அறியப்பட்ட பூச்சிகளிலெல்லாம் மிகச் சிறியது அதுவே.

இத்தகைய குளவிகள் எத்தனை வகை? கால்சிட் என்ற ஒரு பெரும் பிரிவில் மட்டும் பெயரிடப்பட்டவை 22,000க்கும் மேல். இன்னும் பெயர் பெறாதவற்றையும் சேர்த்தால் 5,00,000 வரை இருக்கலாம் என்று அறிஞர் சிலர் மதிப்பிடுகின்றனர். இக்நியூமன் என்ற மற்றொரு குடும்பத்தில் ஏறத்தாழ 25,000 இனங்களுக்குப் பெயர் வைத்தாயிற்று. உலகில் அதிக வகை கொண்ட பூச்சிக் கூட்டம் வண்டுகளே என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். அந்த முதலிடம் குளவி, தேனீ, எறும்பு அடங்கிய கூட்டத்திற்கே உரியது என்றும், அதற்குக் காரணம் இந்த ஒட்டுண்ணிக் குளவிகளே என்றும் 2018இல் ஆய்வாளர் சிலர் வாதிட்டனர். ஏறக்குறைய ஒவ்வொரு பூச்சிக்கும் அதற்கென்றே ஒரு குளவியாவது இருக்கும்போது, கணக்கு அப்படித்தானே முடியும்?

இல்லாத இடம் எது?

இவை எங்கே வாழ்கின்றன என்று கேட்பதைவிட, எங்கே இல்லை என்று கேட்பதே எளிது. பனி சூழ்ந்த கிரீன்லாந்திலும் உண்டு. வெப்ப மண்டலக் காடுகளிலும் உண்டு. மரத்தை உள்ளே குடையும் புழுவை, வெளியிலிருந்து நீண்ட ஊசியால் துளைத்து அடையும் குளவி உண்டு. நீருக்குள் சிறகையே துடுப்பாக்கி நீந்தி, நீர்வண்டின் முட்டையைத் தேடிச் செல்லும் குளவியை 1862இல் இங்கிலாந்தில் ஜான் லப்பாக் கண்டறிந்தார்.

மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டா ரிகா நாட்டின் குவானகாஸ்தே காட்டுப் பகுதியில், பயிற்சி பெற்ற உள்ளூர் மக்கள் ஆண்டுக்கணக்காகப் புழுக்களைப் பிடித்து வளர்த்து, அவற்றிலிருந்து பட்டாம்பூச்சி வருகிறதா, குளவி வருகிறதா என்று குறித்துவருகின்றனர். அந்த உழைப்பின் பயனாக, அப்பான்டிலிஸ் என்ற ஒரே பேரினத்தில் மட்டும் 186 புதிய இனங்கள் 2014இல் ஒரே நூலில் வெளியிடப்பட்டன. ஒரே நாட்டின் ஒரு மூலையில், ஒரே பேரினத்தில் இத்தனை!

காட்டுக்குப் போனால்தான் புதுமை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜெனிபர் ஓவன் என்ற பெண்மணி, தம் வீட்டுத் தோட்டத்தில் 1972 முதல் 2001 வரை முப்பது ஆண்டுகள் கண்ட உயிர்களையெல்லாம் கணக்கெடுத்தார். பூவும் காய்கறியும் வளர்த்த சாதாரணத் தோட்டம் அது. அதில் அவர் கண்டவை மொத்தம் 2,673 வகை. இக்நியூமன் குளவிகளில் மட்டும் 500க்கும் மேற்பட்ட வகைகள் கிடைத்தன. அவற்றுள் சில, அறிவியல் உலகமே அதுவரை அறியாதவை. இந்த ஆய்வின் இடைக்காலத்தில் அவர் நரம்பு நோய்க்கு ஆளானார்; ஆயினும் கணக்கை நிறுத்தவில்லை. கொல்லைப்புறத்தையே கலைக்கூடமாக்கிய அந்த அம்மையாரைப் பற்றி நம் மாணவியர் அறிய வேண்டாமா?

இக்குளவிகள் பூமியின் எப்பகுதியில் மிகுதி என்பதிலும் ஒரு பாடம் உண்டு. வெப்ப நாடுகளில் இக்நியூமன் வகைகள் அவ்வளவாக இல்லை என்றே 1970களில் பலர் கருதினர். பின்னர் பின்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் பெரு நாட்டு அமேசான் காடுகளில் வலை கட்டி நெடுநாள் தேடினர். அவர்கள் ஆராய்ந்த இக்நியூமன் கிளைகளில் எதிர்பாராத அளவுக்கு வகைகள் கிடைத்தன. தேடியவர் மிகுந்த நாட்டில் வகை மிகுதியாகத் தெரிந்தது. தேடாத நாட்டில் குறைவாகத் தெரிந்தது. நம் நாடு எந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்? கேரளத்தின் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில் 2013இல் மறைந்த பேராசிரியர் டி.சி. நரேந்திரன் தம் வாழ்நாளையே கால்சிட் குளவிகளுக்குத் தந்து, நூற்றுக்கணக்கான இனங்களுக்குப் பெயர் வைத்தார். அவரைப்போல இன்னும் பலர் நமக்குத் தேவை.

ஜவ்வரிசியும் குளவியும்

"இதெல்லாம் படித்து என்ன பயன்? தேர்வுக்கு வருமா?" என்று கேட்கும் குரல் நம் காதில் விழுகிறது. அதற்கு விடை நம் அடுப்படியிலேயே இருக்கிறது.

குமரியில் மரச்சீனி என்றும் சேலம் பகுதியில் குச்சிக்கிழங்கு என்றும் வழங்கும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து நாம் பாயசத்திற்கும் வடாமுக்கும் பயன்படுத்தும் ஜவ்வரிசி கிடைக்கிறது. ஆப்பிரிக்காவிலோ கோடிக்கணக்கான ஏழைகளுக்கு அதுவே அன்றாடச் சோறு. 1970களின் தொடக்கத்தில் அங்கே ஒரு மாவுப்பூச்சி நுழைந்து, நாடு நாடாகப் பரவி, மரவள்ளியை அழித்தது. அப்பூச்சியை ஆராய்ந்து 1977இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர் டேனியல் மத்தீல்-ஃபெரேரோ என்ற பிரெஞ்சுப் பெண்மணி.

மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. எனவே பூச்சியின் தாயகமும் அதுவாகவே இருக்கும், அதன் இயற்கை எதிரியும் அங்கேதான் இருக்கும் என்று தேடினர். அக்கண்டத்தின் வடபகுதியில் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதை உண்ணும் ஒட்டுண்ணிகளும் கிடைத்தன. ஆனால் அவை ஆப்பிரிக்கப் பூச்சியின் மேல் பலிக்கவில்லை. ஏன்? பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு இனங்கள். ஜெனிபர் காக்ஸ் என்ற பெண்மணியும் வில்லியம்ஸ் என்ற அறிஞரும் நுண்ணோக்கியில் வேறுபாடு கண்டு, 1981இல் அந்த வடபகுதிப் பூச்சிக்குத் தனிப் பெயர் அளித்தனர். உண்மையான பூச்சி அதே 1981இல் தெற்கே பராகுவே நாட்டில் கிடைத்தது. அதனோடு அனாகைரஸ் லோபெசி என்ற சிறு குளவியும் கிடைத்தது. அவ்வாண்டே அக்குளவியை நைஜீரியாவில் விட்டனர். 1990க்குள் ஆப்பிரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது பரவி, மாவுப்பூச்சியை அடக்கியது. இப்பணிக்குத் தலைமை தாங்கிய சுவிட்சர்லாந்து அறிஞர் ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

பூச்சிக்குப் பெயர் வைப்பது பொழுதுபோக்கு என்று இனியும் யாரேனும் சொல்வார்களா? பெயர் தவறினால் தேடும் திசை தவறுகிறது. திசை தவறினால் ஏழையின் சோறு தவறுகிறது.

இக்கதை நம் ஊருக்கும் வந்தது. 2008இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகப் பப்பாளி மாவுப்பூச்சி காணப்பட்டது. அது பப்பாளியை மட்டுமா தாக்கியது? மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கொய்யா, வீட்டு வாசலில் நிற்கும் செம்பருத்தி வரை எதையும் விடவில்லை. உழவர் மருந்துக்கு மேல் மருந்து அடித்தனர். பூச்சியின் உடலை மூடிய மெழுகுப் பூச்சு, அதற்குக் கவசமாயிற்று. பின்னர் பெங்களூரிலுள்ள தேசியப் பூச்சி ஆய்வு நிலையத்தார் 2010இல் புவர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்துச் சோதித்தனர். அவ்வாண்டு அக்டோபரில் தமிழ்நாட்டு வயல்களில் அவை விடப்பட்டன. அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவி மிகச் சிறப்பாகப் பணியாற்றிற்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி ஊர் ஊராக வழங்கியது. அடுத்த ஆண்டிலேயே பூச்சி வெகுவாக அடங்கியது.

ஆப்பிரிக்காவை வாட்டிய மரவள்ளி மாவுப்பூச்சியும் 2020இல் கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் தென்பட்டு, பின்பு தமிழகத்திற்கும் வந்தது. ஆனால் இம்முறை எதிரி யார், அவனுக்கு எதிரி யார் என்பது உலகுக்குத் தெரிந்திருந்தது. 2021இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதே அனாகைரஸ் லோபெசி வரவழைக்கப்பட்டு, 2022இல் சேலம் மாவட்டத்தில் விடப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் முகம் தெரியாத சிலர் நுண்ணோக்கியில் குனிந்து செய்த வேலையின் பலனை நம் மாவட்டத்து உழவர் இன்று பெறுகிறார்கள்.

வெளிநாட்டுக் குளவி வந்துதான் உதவ வேண்டும் என்பதில்லை. நம் கரும்பு வயல்களில் இடைக்கணுப் புழுவுக்கு எதிராக டிரைக்கோகிரம்மா அட்டை கட்டுவதைக் கிராமத்து மாணவியர் பார்த்திருப்பார்கள். அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றில் இக்குளவியை முட்டையிடச் செய்கிறார்கள். குளவி குடியேறிய முட்டைகள் கறுத்துவிடும். அந்த அட்டையைத் துண்டுகளாக்கிக் கரும்புத் தோகையில் கட்டினால், வெளிவரும் குளவிகள் புழுவின் முட்டைகளைத் தேடிச் சென்று அழிக்கின்றன. புழு பிறக்கும் முன்பே பகை முடிகிறது.

இரண்டு எதிர்ப்புகள்

இங்கே நேர்மையாக எழக்கூடிய இரண்டு எதிர்ப்புகளுக்கு விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலாவது, "உயிரோடிருக்கும் புழுவை உள்ளிருந்து தின்னும் கொடுமையையா புகழ்கிறீர்கள்?" என்பது. இக்கேள்வி சிறியதன்று. 1860இல் சார்லஸ் டார்வின் தம் நண்பர் ஏசா கிரேக்கு எழுதிய மடலில், அன்பும் ஆற்றலும் நிறைந்த இறைவன் இத்தகைய குளவியை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை என்று எழுதினார். விசுவாசம் உள்ள இல்லங்களில் வளரும் நாமும் இக்கேள்வியைக் கேட்க அஞ்ச வேண்டியதில்லை. நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: அன்பு செய்வதும் செய்யாமலிருப்பதும் மனிதருக்கு இடப்பட்ட பொறுப்பு, அதைக் குளவியிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. குளவியைப் பார்த்து நாம் கொடுமை கற்கவும் வேண்டாம். குளவியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவும் வேண்டாம். புழுக்கள் அளவின்றிப் பெருகிப் பச்சை யாவும் அழிந்துவிடாமல் இருப்பதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறவாதிருந்தால் போதும்.

இரண்டாவது, "மருந்தடித்தால் மறுநாளே பூச்சி விழுகிறதே, குளவிக்காக யார் காத்திருப்பது?" என்பது. கடன் வாங்கிப் பயிர் செய்தவரின் அவசரம் நமக்குப் புரிகிறது. மருந்தே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கண்ட உடனே அடிக்கும் மருந்து, மெழுகுக் கவசம் பூண்ட பூச்சியைவிடக் கவசமில்லாத குளவியையே எளிதில் கொல்கிறது. காவலரைக் கொன்றபின் கள்வர் பெருகுவதில் வியப்பென்ன? அதே வேளையில், எந்த உயிரையும் ஆராயாமல் கொண்டுவந்து விடுவதும் ஆபத்தே. கரும்பு வண்டை ஒழிக்க 1935இல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன தேரை, கண்டதையெல்லாம் தின்று பெருந்தொல்லையாகிவிட்டது. இன்ன குளவி இன்ன பூச்சியையே நாடும் என்று சோதித்து அறிந்த பின்னரே விட வேண்டும். அதற்கும் முதலில் வேண்டியது அறிவு. அவற்றை இனம் பிரித்துக் காணும் அறிவு.

நாம் செய்யக் கூடியவை

ஆகவே மாணவியராகிய நாம் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

பெற்றோரே! வீட்டுத் தோட்டத்தில் அசுவினியோ மாவுப்பூச்சியோ கண்டதும் மருந்து டப்பாவை எடுக்காமல் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் ஊதிப்போய், முதுகில் வட்டமான துளையுடன் அசுவினிகள் இறந்திருந்தால், குளவி அங்கே வந்துபோயிருக்கிறது என்று அறியுங்கள். புழுவின் மேல் அரிசிமணி போல் வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால் நசுக்கிவிடாதீர்கள். அவை புழுவின் முட்டைகள் அல்ல, குளவிக் கூடுகள். பாத்தி ஓரத்தில் கொத்தமல்லியைப் பூக்க விடுங்கள். அந்தச் சிறு பூக்களின் தேன் குளவிக்கு விருந்து.

அருட்சகோதரியரே, ஆசிரியப் பெருமக்களே! நம் உயிரியல் பாடத்தில் தீமை செய்யும் பூச்சிகளின் பட்டியலைப் படிக்கிறோம். அவற்றைக் கொல்லும் மருந்தின் பெயரையும் படிக்கிறோம். நன்மை செய்யும் குளவி ஒன்றின் பெயரையாவது படிக்கும் வாய்ப்பைத் தாருங்கள். பள்ளித் தோட்டத்தில் ஒரு மூலையை மருந்து படாமல் ஒதுக்கித் தாருங்கள். வகுப்புக்கு ஒரு கண்ணாடிப் போத்தலும், வாய் கட்ட ஒரு துண்டு மல்துணியும், ஒரு கையடக்க உருப்பெருக்கியும் போதும். இலையோடு ஒரு புழுவை அதில் வளர்த்து, எந்த நாளில் எது வெளிவந்தது என்று நாங்கள் எழுதி வைப்போம். பட்டாம்பூச்சிக்குப் பதில் குளவி வந்தால் ஏமாற மாட்டோம்; அதைத்தான் எதிர்பார்த்திருப்போம்!

தோழியரே! மருத்துவரும் பொறியியலாளரும் ஆக வேண்டும் என்று நாம் கனவு காண்பது நன்றே. ஆனால் பூச்சிகளை இனம் கண்டு பெயரிடும் துறையும் நமக்காகக் காத்திருக்கிறது. அதற்கு வேண்டியவை பொறுமை, கூரிய பார்வை, நேர்த்தியான கை, உண்மையை மட்டுமே எழுதும் நெஞ்சு. ஊசியில் நூல் கோக்கவும், அரிசியில் கல் பொறுக்கவும், கோலப் புள்ளி தவறாமல் வைக்கவும் பழகிய கைகளுக்கு இது கடினமா? மத்தீல்-ஃபெரேரோவும் ஜெனிபர் காக்ஸும் ஜெனிபர் ஓவனும் நடந்த வழியில் நம் பள்ளியிலிருந்தும் ஒருத்தி நடக்கட்டும்.

புழு தானாகக் குளவி ஆவதில்லை. கொட்டிக் கொட்டிக் கற்பித்தாலும் கேள்வி கேட்காத மாணவி அறிஞர் ஆவதும் இல்லை. நம் கொல்லையில், கீரைப்பாத்தியில், முருங்கை மரத்தடியில் இன்னும் பெயரிடப்படாத குளவிகள் எத்தனையோ பறந்துகொண்டிருக்கலாம். நாளை நம் வயலுக்கு வரப்போகும் புதிய பகையை வெல்லும் ஆற்றல் அவற்றில் ஒன்றிடம் இருக்கலாம். அதை அறியாமலே மருந்தடித்து அழித்துவிடுவதா, அறிந்து போற்றி வைத்திருப்பதா? முடிவு நம் கையில். உருப்பெருக்கியை எடுங்கள் தோழியரே, தோட்டத்துக்குப் போவோம்!